வைக்கோலைச் சர்க்கரையாக்கும் பூஞ்சை: முனிர்கா அருகே தொடரும் மரபணு ஆய்வு

புதுதில்லி: ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரிக்கப்படும் நெல் வைக்கோலின் புகை தில்லியின் காற்றையும் மாசுபடுத்துகிறது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே இருப்பதால், வயலைக் காலிசெய்ய விவசாயிகளுக்குத் தீயே மலிவான வழியாக உள்ளது. அந்த வைக்கோலுக்கு ஒரு விலை கிடைக்கச் செய்வதற்கான ஆராய்ச்சிகளில் ஒன்று, தெற்கு தில்லியின் முனிர்காவை அடுத்துள்ள அருணா ஆசப் அலி சாலையில் நடைபெற்று வருகிறது.

மலை மந்திர் முருகன் கோயிலுக்குச் செல்லும் தில்லித் தமிழர்களுக்கு முனிர்கா நன்கு பழக்கமான பகுதி. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்தையொட்டி அமைந்துள்ள சர்வதேச மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித் தொழில்நுட்ப மையம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பின் முயற்சியால் 1983ஆம் ஆண்டு உருவான இந்த மையத்தின் ஆய்வகங்கள் இத்தாலியின் டிரியெஸ்ட், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களிலும் உள்ளன. தில்லி மையத்தில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் உயிரி எரிசக்தி ஆய்வுப் பிரிவு இயங்குகிறது.

வைக்கோலின் முக்கியக் கூறு செல்லுலோஸ் ஆகும். அது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. சங்கிலியை அறுத்தால் சர்க்கரை கிடைக்கும். சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாக மாற்றிவிடும். ஆனால் அறுப்பது எளிதன்று. ஒரு நொதி சங்கிலியை நடுவில் வெட்ட வேண்டும். மற்றொன்று முனைகளிலிருந்து இரண்டிரண்டு சர்க்கரை அலகுகளாகப் பிரிக்க வேண்டும். மூன்றாவது நொதி அந்த இணைகளைத் தனித்தனிக் குளுக்கோஸாக உடைக்க வேண்டும். மூன்றும் தக்க விகிதத்தில் இல்லாவிட்டால் பணி பாதியிலேயே நின்றுவிடும். வைக்கோல் எத்தனாலின் விலையைத் தீர்மானிக்கும் முக்கியச் செலவுகளில் ஒன்று இந்த நொதிகளின் விலையே.

இத்துறையில் உலகெங்கும் பயன்படுவது டிரைகோடெர்மா ரீசி என்னும் பூஞ்சை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகள் இற்றுப்போனதற்கான காரணத்தை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டது இது. ராணுவத்திற்குத் தலைவலியாக இருந்த உயிரினம் பின்னர் ஆலைகளின் வேலையாளாக மாறியது. 2008ஆம் ஆண்டு இதன் மரபணுத்தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டபோது அறிவியலாளர்கள் வியப்படைந்தனர். செல்லுலோஸை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் மற்ற பூஞ்சைகளைவிட இதில் குறைவாகவே இருந்தன. மரபணுக்களின் பட்டியல் மட்டும் போதாது. எந்த மரபணு என்ன செய்கிறது, எப்போது விழிக்கிறது, அதை யார் அடக்குகிறார் என்பதையும் அறிய வேண்டும் என்பதை அது உணர்த்தியது. இந்தக் கேள்விகளை ஆராயும் துறையே செயல்சார் மரபணுத்தொகுதியியல்.

தில்லி மையத்தில் சையத் ஷம்ஸ் யஸ்தானி தலைமையிலான குழு தேர்ந்தெடுத்தது பெனிசிலியம் ஃபுனிகுலோசம் என்ற வேறொரு பூஞ்சையை. அதன் என்சிஐஎம் 1228 என்ற வகை, வைக்கோல் போன்ற தாவரக் கழிவுகளைத் திறம்படச் சிதைக்கும் நொதிக் கலவையைச் சுரக்கிறது. அதற்கும் ஒரு தடை இருந்தது. எளிதில் உண்ணக்கூடிய குளுக்கோஸ் அருகில் இருக்கும்போது, கடினமான செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைப் பூஞ்சை வீணாகத் தயாரிப்பதில்லை. கையில் சோறு இருக்க நெல் குத்துவானேன் என்ற கணக்குத்தான். இந்தக் கட்டுப்பாட்டைச் செலுத்துவது மிக்1 என்ற புரதம். அது டிஎன்ஏவில் அமர்ந்து நொதி மரபணுக்களை அடக்குகிறது.

மிக்1 புரதம் டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ள உதவும் பகுதியை ஆய்வாளர்கள் சிதைத்தனர். நொதி மரபணுக்களின் செயல்பாடு அதிகரித்தது. பூஞ்சையின் வளர்ச்சி வேகமும், அதன் இழைகள் கிளைவிடுவதும் கூடின. இந்த முடிவுகள் 2018ஆம் ஆண்டு வெளியாயின. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே இனப் பூஞ்சையின் ஒரு முக்கிய நொதி, டிரைகோடெர்மா ரீசியின் இணையான நொதியைவிடச் சிறப்பாகச் செயல்படுவதை வெளியிட்டனர்.

ஆய்வகத்திற்கு வெளியே தேவை பெரிது. 2022 ஆகஸ்ட் 10 அன்று பானிபட்டில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. அதாவது ஒரு டன்னுக்கு 150 லிட்டர். பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் சேருகிறது என்பதையும் கருத்தில் கொண்டால், இத்தகைய ஆலை ஒன்று அதில் நூற்றில் ஒரு பங்கையே கையாளும். ஆலைகள் பெருக நொதியின் விலை குறைய வேண்டும். அதற்கு நொதிகள் உள்நாட்டிலேயே பெருமளவில் தயாராக வேண்டும்.

2024 ஆகஸ்ட் 24 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பயோஇ3 கொள்கையில் உயிரி அடிப்படையிலான வேதிப்பொருட்களும் நொதிகளும் முன்னுரிமைத் துறைகளுள் இடம்பெற்றுள்ளன. உயிரிப் பொருளாதாரத்தின் மதிப்பை 2030ஆம் ஆண்டுக்குள் 30,000 கோடி டாலராக உயர்த்த அரசு இலக்கு வைத்துள்ளது.

எனினும் குடுவையில் வளரும் பூஞ்சை, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் அதே போல் வளரும் என்பதற்கு உறுதியில்லை. இழைகள் பின்னிக் கரைசல் கெட்டியாகும்போது ஆக்சிஜன் உள்ளே செல்வது கடினமாகும். அதிகம் கிளைவிடும் வகையில் இது கூடுதல் கவனம் கோரும் விஷயம். மரபணு மாற்றப்பட்ட உயிரினத்தைத் தொழிற்சாலையில் பயன்படுத்த, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி அனுமதியும் பெற வேண்டும்.