நூற்றில் ஐந்து ரூபாய்

'2,152 கோடி' என்ற எண்ணை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீங்க. அது என்ன பணம், யார் யாருக்குத் தரணும் என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். அதனால் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

2018-ல் மத்திய அரசு 'சமக்ர சிக்ஷா' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்பிருந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் இதில்தான் கலந்தது. நம் மாநிலத்துக்கு இதில் கணக்கு 60:40. நூறு ரூபாய் செலவு என்றால் 60 டெல்லி தரும், 40 சென்னை போடும். 2024-25-க்கு ஒப்புதலான தொகை சுமார் 3,586 கோடி ரூபாய். அதில் டெல்லியின் பங்குதான் அந்த 2,152 கோடி. அந்த ஆண்டு அது வரவில்லை.

ஏன் வரவில்லை? பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் என்று 2022-ல் இன்னொரு திட்டம் வந்தது. அதில் சேர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடணும். போட்டால் தேசிய கல்விக் கொள்கை 2020-ஐ முழுசா ஏற்றதாக ஆகிவிடும். அந்தக் கொள்கையில் மும்மொழி இருக்கு. இங்கே 1968-லிருந்து இருமொழிதான். தமிழக அரசு கையெழுத்துப் போடவில்லை. "2024 மார்ச்சில் போடுறோம்னு கடிதம் கொடுத்தீங்களே!" என்றது டெல்லி. "குழு அமைத்துப் பார்த்துத்தான் போடுவோம்னு சொன்னோம். அதுவும் இது வேற திட்டம், அது வேற திட்டம்" என்றது சென்னை. 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டார்கள். (கொள்கைச் சண்டை நடக்கட்டும், அதற்கு வேறு மேடை இருக்கு. ஒப்புதல் தந்த பணத்தைப் பிடித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.)

இப்போ ஒரு கணக்கு. அந்த ஆண்டு மாநில பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 44,042 கோடி. 2,152 கோடி என்பது அதில் நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. இதுக்கா இவ்வளவு சண்டை?

இங்கேதான் விஷயமே இருக்கு. பெரிய தொகையில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். அதில் கை வைக்க முடியாது. வாடகை, அரிசி, பால் எல்லாம் போக அம்மா டப்பாவில் போட்டு வைக்கிற காசு மாதிரிதான் இந்த ஐந்து ரூபாய். பள்ளி மானியம் இதிலிருந்துதான் வரும். 30 பேர் வரை படிக்கிற பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், ஆயிரம் பேருக்கு மேல் என்றால் 1 லட்சம். சாக்பீஸ், கரண்ட் பில், குழாய் ரிப்பேர், துடைப்பம் எல்லாம் அதில்தான். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சிறப்பாசிரியர்கள், பகுதிநேர ஓவிய, உடற்கல்வி ஆசிரியர்கள், பெண் பிள்ளைகளின் உண்டு உறைவிடப் பள்ளிகள் – இவர்களும் இந்த டப்பாவைத்தான் நம்பி இருக்காங்க.

2025 மார்ச் 14-ல் பட்ஜெட் படித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்தே சமாளிப்பதாகச் சொன்னார். நல்லதுதான். ஆனால் ஒரு ஓட்டையை அடைக்க எடுத்த பணம் வேறு ஒரு வேலைக்குக் குறையத்தானே செய்யும்?

அடைக்காமல் விட்ட ஓட்டையும் உண்டு. தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு 25 சதவீத இடம் தருகிறார்களே, அந்தக் கட்டணமும் இந்தத் திட்டத்தோடு சேர்ந்ததுதான். அதைக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்புறமும் இழுத்து, அந்த ஆண்டு சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்திருந்தது.