நூறு கிராம் பறவையின் வரவு செலவு

ஆர்க்டிக் ஆலாவின் எடை ஏறத்தாழ 100 கிராம். நீளம் 33 முதல் 36 செ.மீ.; அதில் ஒரு பங்கை நீண்டு மெலிந்த வாலிறகுகள் எடுத்துக்கொள்கின்றன. இறக்கையை விரித்தால் 75 செ.மீ. வரை போகும். எடை குறைவு, இறக்கை நீளம்: இதுதான் அதன் மூலதனம். கால் படு குட்டை. தரையில் நின்றால் வயிறு மண்ணில் உரசுகிறதோ என்று தோன்றும்.

இத்தனை சிறிய பறவை ஓராண்டில் எவ்வளவு தூரம் பறக்கிறது என்பதை அளக்க 1.4 கிராம் கருவி ஒன்று வர வேண்டியிருந்தது. நம் ஒரு ரூபாய் நாணயத்தின் எடையில் பாதிகூட இல்லை. காலில் மாட்டிவிட்டால் அது வெளிச்சத்தை மட்டும் குறித்துக்கொண்டே இருக்கும். பகலின் நீளம் அட்சரேகையைச் சொல்லும். உச்சிப்பொழுது நேரம் தீர்க்கரேகையைச் சொல்லும். பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி அட்சரேகைக் கணக்கு மட்டும் கைகொடுக்காது. செயற்கைக்கோள் தொடர்பு எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டு அதே பறவையைப் பிடித்துக் கருவியைக் கழற்றினால்தான் கணக்கு கைக்கு வரும்.

அப்படிக் கிடைத்த 11 பறவைகளின் கணக்கு 2010-இல் வெளியானது. பத்து கிரீன்லாந்தைச் சேர்ந்தவை, ஒன்று ஐஸ்லாந்து. ஆண்டுக்குச் சராசரி 70,900 கி.மீ.; குறைந்தது 59,500, அதிகபட்சம் 81,600. இதில் தெற்கே அண்டார்க்டிகாவுக்குப் போக 34,600, வடக்கே திரும்ப 25,700. மீதி, பனிக்கடலில் இரை தேடி அலைந்த தூரம்.

வடக்கு 74 பாகையிலிருந்து தெற்கு 65 பாகைக்கு நேர்கோடு போட்டால் சுமார் 15,400 கி.மீ.தான் வரும், போய்வர 31,000-க்குள். பறவையோ அதைப்போல் இரு மடங்கு செலவழிக்கிறது. இதை ஊதாரித்தனம் என்று எழுதிவிட முடியாது. முதலில் நடு அட்லாண்டிக்கில் ஏறக்குறைய 25 நாள் தங்கித் தின்கிறது. அடுத்து வரும் வெப்பமண்டலக் கடலில் இரை குறைவு. பிறகு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி இறங்கியவை 7. பிரேசில் பக்கம் தாண்டியவை 4. ஒரே கூட்டத்துப் பறவைகளிலேயே இந்தப் பிரிவு. திரும்பும்போது காற்றின் போக்கில் ‘எஸ்’ எழுத்தாய் வளைந்து வருகின்றன. போக 93 நாள், வர 40 நாள். தூரம் முக்கால் பங்கு, நாள் பாதிக்கும் குறைவு. சுற்றுவழியின் கூலியில் ஒரு பங்கைக் காற்றே கொடுத்துவிடுகிறது.

பின்னால் வந்த கணக்குகள் இன்னும் பெரியவை. நெதர்லாந்துப் பறவைகள் சராசரி 90,000 கி.மீ. போயின. இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளிலிருந்து 2015-இல் கிளம்பிய ஒன்று இந்தியப் பெருங்கடல் வழியாகச் சுற்றி, 96,000 கி.மீ. முடித்து 2016 மே மாதம் வீடு திரும்பியது. அதன் காலில் இருந்த கருவி 0.7 கிராம்.

இனப்பெருக்கச் செலவு சிக்கனமானது. பெரும்பாலும் 2 முட்டை. அடைகாப்பு 22 முதல் 27 நாள். குஞ்சு பறக்க இன்னொரு 3 வாரம். கூட்டருகே மனிதன் போனால் தலையில் கொத்து நிச்சயம். வளையமிட்ட பறவை ஒன்று 34 ஆண்டு வாழ்ந்தது தெரியும். அதை 70,900-ஆல் பெருக்கி 24 லட்சம் கி.மீ., நிலாவுக்கு மூன்று முறை போய்வரும் தூரம் என்பார்கள். கொஞ்சம் தாராளக் கணக்குதான். இளம்பறவைகள் பல முதல் கோடையில் வடக்கே திரும்புவதே இல்லை.

வகைப்பாட்டில் இதன் பெயர் ஸ்டெர்னா பாரடிசேயா. 1763-இல் பொன்டோப்பிடான் வைத்தது. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட ஸ்டெர்னா ஹிருண்டோவோடு எளிதில் குழம்பும். இனப்பெருக்க காலத்தில் அலகு முழுக்க ரத்தச் சிவப்பென்றால் ஆர்க்டிக். நுனியில் கறுப்பிருந்தால் பெரும்பாலும் மற்றது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் அலகு கறுத்துவிடும். 2005-இல் டி.என்.ஏ. ஆய்வு ஸ்டெர்னா பேரினத்தைக் கலைத்துப் பலவற்றை வெளியே அனுப்பியது. உள்ளேயே தங்கியவற்றில் நம் ஆற்று ஆலாவும் ஒன்று.

உலகைச் சுற்றும் ஆர்க்டிக் ஆலா 20 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. சிவப்புப் பட்டியலில் அதற்குக் கவலை குறைந்த இடம். அவ்வளவாக ஊரைவிட்டுப் போகாத ஆற்று ஆலா மணல்திட்டில் முட்டையிட்டு, அணைத் தண்ணீருக்கும் நாய்க்கும் அதைப் பறிகொடுத்து, அழியக்கூடிய இனமாகப் பதிவாகியிருக்கிறது.