எடுத்தேன் கவிழ்த்தேன் வயதும் நம் கடை வாசலும்

மாலை ஐந்து மணி. பள்ளிக்கூடம் விட்ட நேரம். கடை வாசலில் நான்கு பையன்கள் வந்து நிற்கிறார்கள். மூன்று பேர் சற்றுத் தள்ளி நின்று தங்களுக்குள் சிரிக்கிறார்கள். ஒருவன் மட்டும் முன்னே வந்து நோட்டை நீட்டி, "அண்ணாச்சி, ஒரு சிகரெட்" என்கிறான். "யாருக்குப்பா?" என்று கேட்டால், "அப்பாவுக்கு" என்று பதில் வருகிறது.

வணிகப் பெருமக்கள் அனைவரும் அறிந்த காட்சிதான் இது. எண்ணெய்க்கு ஒருவர், பருப்புக்கு ஒருவர் என்று ஆட்கள் காத்திருக்கும் நேரத்தில் பையனை நிறுத்தி விசாரிக்க நமக்குப் பொழுது இல்லை. கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறோம். ஆனால் அந்த அரை நிமிடத்தில் பையனின் மனத்துக்குள் நடப்பது என்ன என்பதை மனநூல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவை நம் தொழிலோடு நேரடித் தொடர்பு உடையவை.

நான்கு வகை அவசரம்

பின்விளைவை எண்ணாமல் செயலில் இறங்குவதை நாம் "எடுத்தேன் கவிழ்த்தேன்" என்கிறோம். இது ஒரே குணம் அல்ல என்று 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைட்சைட், லைனம் என்ற இருவர் எடுத்துக் காட்டினர். அவர்கள் அதை நான்காகப் பிரித்தனர். மனம் கொதிக்கும்போதோ வாடும்போதோ உடனே ஏதாவது செய்துவிடத் துடிப்பது ஒன்று. முன்யோசனை இல்லாமை இரண்டாவது. எடுத்த காரியத்தில் நிலைத்து நிற்காமை மூன்றாவது. புதிய அனுபவத்தையும் கிளர்ச்சியையும் தேடி ஓடுவது நான்காவது.

இந்தப் பிரிவினை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. முதன்முதலில் புகையையோ மதுவையோ தொட்டுப் பார்ப்பவர்களிடம் கிளர்ச்சி தேடும் குணம் மிகுந்திருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அந்தப் பழக்கம் முற்றித் தொல்லையாக மாறுபவர்களிடமோ, மனம் கலங்கும்போது துடிக்கும் முதல் குணம் மிகுந்து காணப்பட்டது. ஆகவே சிகரெட் கேட்டு வரும் பையன்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியல்ல. ஒருவன் வேடிக்கைக்காக வருகிறான். மற்றொருவன் வீட்டில் ஏற்பட்ட மனவருத்தத்தை மறக்க வருகிறான். இருவரும் கேட்பது ஒரே பொருளைத்தான்.

ரொக்கமும் தவணையும்

இதில் இன்னொரு கணக்கு நமக்கு எளிதில் விளங்கும். மூன்று மாதத் தவணையில் முழுத்தொகை தருகிறேன் என்கிறார் ஒரு வாடிக்கையாளர். கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தால் இன்றே ரொக்கம் என்கிறார் இன்னொருவர். எவ்வளவு வரை தள்ளலாம் என்று நாம் மனக்கணக்குப் போடுகிறோம். இதே கணக்கை ஸ்டைன்பர்க் என்ற மனநூல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 10 முதல் 30 வயது வரையுள்ள 935 பேரிடம் போட்டுப் பார்த்தார்கள். பின்னால் கிடைக்கும் ஆயிரம் டாலர் வேண்டுமா, இன்றே கிடைக்கும் குறைந்த தொகை போதுமா என்பது கேள்வி. 2009-இல் முடிவுகள் வெளிவந்தன. 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைவிட, இளையவர்கள் மிகக் குறைந்த தொகைக்கே "இன்றே கொடுங்கள்" என்று சம்மதித்தார்கள். நாளைய லாபம் அந்த வயதில் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிகிறது.

பூப்பெய்தும் பருவத்தில் இன்பத்தையும் பரிசையும் நாடும் மூளைப் பகுதிகள் விறுவிறுப்பாகிவிடுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருந்து நிதானம் சொல்லும் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. புதிதாகத் திறந்த கடையில் விற்பனைக்கு ஆள் வந்துவிட்டார், கணக்குப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை என்றால் எப்படியோ, அப்படி. இதனால் பையன் கெட்டவன் என்று ஆகிவிடாது. அது வளரும் பருவத்தின் இயல்பு.

கூட்டாளிகள் பார்க்கும்போது

தள்ளி நின்று சிரித்த அந்த மூன்று பேரை மறந்துவிடக் கூடாது. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் இருவரும் வெளியிட்ட ஆய்வில் 306 பேர் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடினார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா, நிறுத்தலாமா என்பதே அதில் சோதனை. தனியாக ஆடும்போது பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் அருகில் நின்றபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு துணிச்சல் காட்டினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றம் இல்லை. கூட்டாளிகள் பார்வையில் நிற்கும் பையன் வீட்டில் அம்மாவோடு இருக்கும் பையன் அல்ல என்பதைக் கடைக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு நாள் விஷயம்தானே?

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தார்கள். மொஃபிட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, சிறு வயதில் தன்னடக்கம் குறைந்திருந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பொருள்நிலையிலும் பின்தங்கியிருந்தார்கள். போதைப் பழக்கத்துக்கு அடிமையாவதும் அவர்களிடையே அதிகம். அந்தக் குழந்தைகள் இளமையில் சில கண்ணிகளில் சிக்கியதும் இதற்கு ஒரு காரணம். அவற்றுள் ஒன்று 15 வயதுக்குள் புகைக்கத் தொடங்குவது.

கண்ணி என்ற சொல் பொருத்தமானது. சிக்கும் நேரம் சில நொடி. அவிழ்க்க ஆண்டுகள் ஆகும். அந்த நொடியில் எதிரே நிற்பவர் ஆசிரியர் அல்ல, பெற்றோர் அல்ல. கல்லாவில் இருக்கும் நாம்தான்.

நாம் மறுத்தால் பலன் உண்டா?

"நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வான்" என்பது நம்மவர்கள் வழக்கமாகச் சொல்வது. இதற்கும் ஆய்வில் பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் சிகாகோ அருகே உட்ரிட்ஜ் என்ற ஊரில் 1989-இல் சிகரெட் கடைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கி, சிறுவர்களை அனுப்பிச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் 70 சதவிகிதக் கடைகள் சிறுவர்களுக்கு விற்றன. ஒன்றரை ஆண்டில் அது 5 சதவிகிதத்துக்கும் கீழே வந்தது. பள்ளி மாணவர்களில் வழக்கமாகப் புகைப்போர் 16 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தனர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சில ஊர்களில் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 82 சதவிகிதக் கடைகள் சிறுவர்களுக்கு விற்க மறுத்தும் புகைக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. விற்ற மீதிக் கடைகளே பிள்ளைகளுக்குப் போதுமானவையாக இருந்தன. அதே மாநிலத்தில் நீதம் என்ற ஊர் 2005-இல் புகையிலை வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியது. 2006-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே புகைக்கும் மாணவர்கள் 13 சதவிகிதத்திலிருந்து 7 சதவிகிதம் ஆனார்கள். சுற்றியுள்ள ஊர்களில் 15-இலிருந்து 12 வரைதான் இறங்கியது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவு. ஒரு கடை மட்டும் மறுத்தால் பையன் பத்தடி நடப்பான். தெரு முழுவதும் மறுத்தால் அவன் வெகுதூரம் அலைய வேண்டும். அவசர புத்திக்கு அலைச்சல் ஆகாது. அலைந்து முடிப்பதற்குள் துடிப்பு அடங்கிவிடும். தனிக் கடையால் ஆகாத காரியத்தைச் சங்கம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சட்டம் சொல்வது

2003-ஆம் ஆண்டின் மத்திய புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது. மருத்துவர் சீட்டு இல்லாமல் சிறுவருக்கு மது, போதைப் பொருள், புகையிலை எதைக் கொடுத்தாலும் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஒரு சிகரெட்டில் கிடைக்கும் லாபத்தையும் இந்த ஆபத்தையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களை மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கண்டதும் கேட்கத் தோன்றுவதே இந்த வயதின் இயல்பு.

2. "அப்பாவுக்கு" என்றால், "அப்பாவையே வரச் சொல்லு தம்பி" என்பதே பதிலாக இருக்கட்டும். கல்லாவில் அமரும் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள்.

3. ஒயிட்னர், தின்னர், பஞ்சர் பசை ஆகியவற்றை முகரும் பழக்கமும் சிறுவர்களிடம் உண்டு. ஒரே பையன் அடிக்கடி வந்து கேட்டால் உஷாராக இருங்கள்.

4. கூட்டாளிகள் முன்னிலையில் பையனை அவமானப்படுத்த வேண்டாம். மனம் நொந்தவன் மேலும் துடிப்பான் என்பதைத்தான் ஆய்வும் சொல்கிறது. சிரித்த முகத்தோடு "கிடையாது" என்றால் போதும்.

5. ஒரே தெருவில் உள்ள கடைக்காரர்கள் கூடிப் பேசி, யாரும் சிறுவர்களுக்கு விற்பதில்லை என்று முடிவெடுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறும் வயதில் உள்ள பிள்ளைக்கு அந்தப் பழமொழி விளங்காது. அவன் பதற்றம் தணியும் வரை கொஞ்ச நேரத்தை வாங்கித் தர நம்மால் முடியும். இன்று நாம் திருப்பி அனுப்பும் பையன் நாளை குடும்பஸ்தனாகி, மாதச் சாமான் சீட்டோடு அதே கடைக்கு வருவான். அந்த வாடிக்கையே நமக்கு நிலையான வியாபாரம்.