வீரசோழபுரத்துச் சுந்தரர்: சந்தை விலையும் சந்நிதி மதிப்பும்

கள்ளக்குறிச்சிச் சீமைக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் அயலார் அல்லர். அவர் அவதரித்த திருநாவலூர் இந்த மாவட்டத்தில்தான் உளுந்தூர்பேட்டைக்கு அருகே உள்ளது. மேற்கே கல்வராயன் மலை காவல் நிற்கும் இதே மாவட்டத்து வீரசோழபுரம் சிவாலயத்தில், பரவை நாச்சியாரோடு அவர் செப்புத் திருமேனியாக எழுந்தருளியிருந்தார். 1956-ஆம் ஆண்டில் அவ்வாலயத்தில் எடுத்த புகைப்படம் அதற்குச் சாட்சி.

அந்தத் திருமேனி பின்னர் கடல் கடந்தது. கலைப்பொருள் சேகரிப்பில் பெயர்பெற்ற ஆர்தர் சாக்லர் என்னும் அமெரிக்க மருத்துவர், 1987-இல் தம்மிடமிருந்த ஏறத்தாழ 1,000 பொருள்களை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு நன்கொடையாக அளித்தார். நம் தம்பிரான் தோழரும் பரவையாரும் அவற்றுள் ஒரு 'பொருளாக' அடங்கினர்!

சேகரிப்போர் இத்தகைய திருமேனிகளை நாடுவது ஏன்? பழமை ஒரு காரணம்; வீரசோழபுரத்துத் திருமேனி விஜயநகர காலத்தது, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கின்றனர். அதனினும் பெரிய காரணம் அருமை. மெழுகில் உருச்செய்து, மேலே களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை வார்த்து, அச்சை உடைத்தே ஸ்தபதி திருமேனியை வெளியே எடுக்கிறார். ஆகவே ஒன்றைப் போல் மற்றொன்று இராது. தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்டு தேய்ந்த திருமுகத்தின் மென்மையும் சந்தையில் விலையை உயர்த்துமாம். நம் பாட்டன்மார் தேய்த்த சந்தனமும் எண்ணெயும் அயலூரில் பணமாகிறது என்பது விசித்திரமே!

இவை அனைத்தும் இருந்தும், 'யாரிடமிருந்து யாருக்கு வந்தது' என்னும் ஆவணம் பொய்த்தால் மதிப்புச் சரிந்துவிடும். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. உடன் வந்த ஆவணங்கள் போலி என்று தெரிந்தபின், 2014-இல் பெருமான் பாரதம் திரும்பினார்.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. கிழவேதியராய் வந்த இறைவன் காட்டிய படி ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்தார். ஆயினும் மூல ஓலை அவையில் வெளிப்பட, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தபின் வழக்கு முடிந்தது. இம்முறையும் சுந்தரர் யாருக்கு உரியவர் என்பதே கேள்வி. மூல ஓலையாக வந்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பாதுகாத்து வந்த அந்த 1956-ஆம் ஆண்டுப் புகைப்படம்.

அந்நிறுவனத்தின் படத்தொகுப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்த வாஷிங்டன் அருங்காட்சியகம், 2026 ஜனவரியில் மூன்று திருமேனிகளை இந்தியாவுக்குத் திருப்பி அளிப்பதாக அறிவித்தது. திருத்துறைப்பூண்டி நடராஜரும் ஆலத்தூர் சோமாஸ்கந்தரும் மற்ற இரண்டு. இவர்களுள் நடராஜர் மட்டும் நீண்டகால இரவலாக அங்கேயே தங்குவார்.

வீரசோழபுரத்தில் அன்று யாரேனும் படமெடுக்காது போயிருந்தால், சாக்லரின் நன்கொடைப் பட்டியலே கடைசி ஆவணமாக நின்றிருக்கும். கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர்க் கோயில்களில் இன்றும் உற்சவமூர்த்திகள் பலர் உள்ளனர். தங்கள் இல்லத்துப் பழைய ஆல்பங்களில் சுவாமி புறப்பாட்டுப் படம் இருந்தால், ஊர்ப்பெயரும் ஆண்டும் பின்புறம் எழுதி வையுங்கள். புதிதாக எடுப்பதாயின், கோயிலாரின் அனுமதி பெற்று, அலங்காரம் களைந்திருக்கும் நேரத்தில் பீடத்து எழுத்தும், ஒடிந்த விரலும், திருமேனியின் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.