கேமரா இல்லாமலும் படம் எடுக்கலாம்

மிச்சிகன் தியேட்டரில் படம் தொடங்கும் முன், மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து ஓர் ஆர்கன், வாசிப்பவரையும் ஏற்றிக்கொண்டு மேலே எழும்பி வரும். பேசாப்படக் காலத்து வாத்தியம் அது. 1928 ஜனவரியில் தியேட்டரைத் திறந்த கையோடு சினிமா பேசத் தொடங்கிவிட்டதால், ஆர்கனுக்குச் சீக்கிரமே வேலை போயிற்று. இடத்தை விட்டு மட்டும் அது போகவில்லை. 1970களின் கடைசியில் தியேட்டரைக் கடைகளாக மாற்ற யோசனை வந்தபோது, குறுக்கே நின்று தடுத்தவர்களில் ஆர்கன் வாசிப்பவர்களும் உண்டு. ஊர்க்காரர்கள் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தில் நகர நிர்வாகமே கட்டடத்தை வாங்கிக் காப்பாற்றியது.

ஊரின் பெயர் ஆன் ஆர்பர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். இங்கே ஆண்டுதோறும் மார்ச்சில், குளிர் இன்னும் விடாத நேரத்தில், ஆறு நாள் திரைப்பட விழா நடக்கிறது. சோதனை முயற்சிப் படங்களுக்கென்றே நடக்கும் விழாக்களில் வட அமெரிக்காவிலேயே மூத்தது இதுதான். பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்த ஜார்ஜ் மானுபெல்லி 1963இல் தொடங்கிவைத்தார். ஆரம்ப ஆண்டுகளில் கல்லூரி அரங்கம். 1980 முதல் இந்தத் தியேட்டர்.

சோதனைப் படம் என்றதும் பலருக்கும் ஒரு பயம் வரும். பயத்தில் நியாயம் உண்டு. கதை இருக்காது, சில படங்களில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு காட்சிக்கு ஏழெட்டுக் குறும்படங்களைக் கோத்துப் போடுவார்கள். ஒன்று பிடிக்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும், அடுத்தது வந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்தில் மாட்டிக்கொண்டவருக்கு இந்தச் சலுகை ஏது?

இந்த வகைப் படத்தைப் புரிந்துகொள்ள, படம் பார்ப்பதைவிட ஒரு பயிலரங்கில் உட்கார்வது நல்ல வழி. சோதனை சினிமாக்காரர்கள் விரும்பி நடத்தும் பயிலரங்கு ஒன்றில் கேமராவே கிடையாது. மேசை மேல் 16 எம்.எம். பிலிம், ஊசி, பிளேடு, அழியாத மையுள்ள மார்க்கர் பேனா. அவ்வளவுதான் முதலீடு. ஒரு ஃப்ரேம் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அடிக்கு 40 ஃப்ரேம், விநாடிக்கு 24 ஃப்ரேம். ஆக ஒரு நிமிடப் படத்துக்கு 36 அடி நீளம் கீறியாக வேண்டும். கறுப்பாகக் கழுவி எடுத்த கலர் பிரிண்ட்டில் லேசாகக் கீறினால் பச்சைக் கோடு தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மஞ்சள். அடிவரை போனால் வெள்ளை. சாயங்கள் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருப்பதால் வரும் விளைவு இது. பிலிமின் ஓரத்தில் ஒலிக்கான பட்டை ஓடும் இடத்தில் கீறினால், புரொஜெக்டர் அதையும் விடாமல் சத்தமாக்கிவிடும். கனடாவின் நார்மன் மெக்லாரன் இப்படியே கையால் இசையை வரைந்தவர்.

அமெரிக்க இயக்குநர் ஸ்டான் பிராகேஜ் இன்னொரு படி மேலே போனார். விழா பிறந்த அதே 1963இல் விட்டில் பூச்சியின் இறகுகளையும் இலை, இதழ்களையும் ஒட்டு டேப்புகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, அதைப் பிரிண்ட் போட்டு 'மாத்லைட்' என்ற படமாக்கினார். நான்கு நிமிடத்துக்கும் குறைவான படம். சினிமா படிப்பவர்கள் இன்றும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளிக்கு இதே மிச்சிகன் தியேட்டரில் வியாழன்தோறும் ஒரு சொற்பொழிவு உண்டு. அந்தப் பள்ளி மாணவர்களுக்கு அது பாடத்தில் சேர்த்தி, ஊர்க்காரர்களுக்கு இலவசம். விழா வாரத்தின் வியாழக்கிழமையில் மேடை திரைப்படக் கலைஞர் ஒருவருக்குப் போகும். வருகைப் பதிவுக்காக வந்து உட்கார்ந்த மாணவர், அப்படியே இரவுக் காட்சிக்கும் தங்கிவிடக்கூடும். வியாபாரமே ஆகாத படங்களுக்கு 60 ஆண்டுகளைத் தாண்டியும் ஆள் சேர்வதற்குக் காரணம் தேடுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். விழாவை அந்த ஊர் தன் படிப்பின் பகுதியாகவே வைத்திருக்கிறது.

பரபரப்புகளும் சண்டைகளும் இல்லாமலில்லை. 1966இல் பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் இசைக்குழுவோடு நியூயார்க்கிலிருந்து விழாவுக்கு வேனில் வந்து இறங்கினார். பாடுகிறவர்கள் மேலேயே படத்தை ஓட்டி ஊரைக் கலக்கினார். மறு ஆண்டு ஜனவரியில், மாணவர் திரைப்படச் சங்கம் திரையிட்ட ஜாக் ஸ்மித்தின் 'ஃப்ளேமிங் கிரியேச்சர்ஸ்' படத்தை ஆபாசம் என்று சொல்லி, ஓடிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் கைப்பற்றியது. 40 ஆண்டு கழித்து அதே பிரச்சினை வேறு உருவில் வந்தது. விழாவில் காட்டிய சில படங்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆட்சேபிக்க, மாநில அரசின் நிதியுதவி சிக்கலானது. விழாக்குழு பணத்துக்காகப் பணியாமல் 2007இல் வழக்குப் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாநிலம் விதிகளைத் திருத்திக்கொண்டது. நிதி தருபவர் கையில் கத்தரிக்கோலையும் கொடுக்க மறுத்த அந்தப் பிடிவாதம் பாராட்டத்தக்கது.

'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸின் ஆரம்பகாலப் படம் இங்கே திரையிடப்பட்டிருக்கிறது. யோகோ ஓனோ, ஆக்னஸ் வர்தா ஆகியோரின் படங்களும் வந்திருக்கின்றன. முதல் பரிசு ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் பெயரில் வழங்கப்படுகிறது. அவர் இங்கே வளர்ந்தவர். அவருடைய அப்பா இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2020 மார்ச்சில் கொரோனாவால் தியேட்டர்கள் மூடியபோது, விழாவை ஒத்திப்போடாமல் குறித்த தேதியிலேயே இணையத்தில் நேரலையாக ஓட்டினார்கள்.

1964 முதலே, தேர்வான படங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டும் வழக்கமும் இவ்விழாவுக்கு உண்டு. எந்த நாட்டவரும் கட்டணம் செலுத்திப் படம் அனுப்பலாம். இங்கே சில பரிசுகளை வெல்லும் குறும்படம் ஆஸ்கர் குறும்படப் பிரிவில் போட்டியிடும் தகுதியையும் பெறுகிறது. நம் ஊர்க் காட்சித் தொடர்பியல் மாணவர்கள், குறும்படம் என்றாலே ஒரு காதல், ஒரு திருப்பம், ஒரு கண்ணீர் என்று போகாமல், ஒரு முறையாவது கதையை மறந்துவிட்டு எதையாவது எடுத்து அங்கே அனுப்பிப் பார்க்க வேண்டும்.