கிண்ணத்துக்கு என்ன விலை?

இலண்டன் மாநகரில் இஸ்லிங்டன் என்னும் பகுதியிலே, கால்நடைக் கண்காட்சிக்கென 1862இல் எழுப்பப்பட்ட பெருமண்டபம் ஒன்றுண்டு. பருத்த எருதுகள் பரிசுக்காக நின்ற அவ்விடத்தில், இக்காலத்திலே கோடைதோறும் பிரித்தானியக் கல்லூரிகளில் கைவினையும் வடிவமைப்பும் பயின்ற புதிய பட்டதாரிகள் தம் படைப்புகளைப் பரப்பி நிற்கின்றனர். 'நியூ டிசைனர்ஸ்' என்னும் இக்கண்காட்சி 1985இல் தொடங்கியது. எருதுக்கு எடை பார்த்து விலை கூறலாம். கிண்ணத்துக்கு எதைப் பார்ப்பது?

கடைக்காரர் வந்ததும் மொத்த விலையைத்தான் கேட்பார். பலர் தடுமாறுவது அங்கேதான். களிமண், சூளைச் செலவு, உழைத்த நேரத்துக்குரிய கூலி, சூளையில் வெடித்தவற்றின் நட்டம் எல்லாஞ் சேர்ந்து ஒரு கிண்ணத்துக்கு 10 பவுண் என்று வைத்துக்கொள்வோம். நேரே 12 பவுணுக்கு விற்றால் இலாபந்தான். கடைக்காரரோ வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டியவர். வாங்கிய விலையை இருமடங்காக்கி விற்பது அங்கு பெருவழக்கு. ஆகவே அவர் 6 பவுணே தருவார். கிண்ணம் ஒன்றுக்கு 4 பவுண் கைநட்டம். நூறு கிண்ணத்துக்குக் கட்டளை கிடைத்ததென்று மகிழ்பவர் 400 பவுணை இழக்கிறார்!

விற்றால் பணம், விற்காவிடின் பொருள் திரும்பும் என்ற ஏற்பாடும் உண்டு. உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காதவர் பின்னர் வருந்துவார்.

பட்டம் பெற்றபின் சொந்தத் தொழிலில் முதல் ஆண்டைக் கண்டவர்களுக்கு அதே கண்காட்சியில் தனிப் பகுதி உண்டு. புதியவர்கள் ஒருமுறை அங்கே சென்று, பொருள்களோடு விலைச் சீட்டுகளையும் பார்த்து வருதல் நன்று.