பேஸ் கிடாரில் 'ம்ம்ம்' சத்தம் ஏன் வருது? பிக்கப்பை எப்படி சரிசெய்வது?

திருச்சியில் கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடையோ, ஸ்ரீரங்கத்தில் கல்யாண ரிசப்ஷனோ, முதல் பாட்டுக்கு முன்பே ஒரு சத்தம் வந்துவிடும். ஸ்பீக்கருக்குள் வண்டு புகுந்ததுபோல 'ம்ம்ம்...'. திட்டு வாங்குபவர் பெரும்பாலும் சவுண்டுக்காரர்தான். ஆனால், பல நேரம் சத்தம் கிளம்புவது பேஸ் கிடாரின் வயிற்றுக்குள்ளிருந்து.

பிக்கப் என்ன செய்கிறது?

கம்பிகளுக்குக் கீழே கறுப்பாக நீளமான பெட்டி இருக்குமே, அதுதான் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றி தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசையும், சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். ஆம்ப் அதைத்தான் பெரிதாக்குகிறது.

எஃகு என்பது இங்கே முக்கியம். ரங்கநாதர் கோயிலின் வீணை ஏகாந்தம் ஊரறிந்தது. அந்த வீணையில் கீழ்ஸ்தாயிக் கம்பிகள் வழக்கமாக பித்தளை அல்லது வெண்கலம். காந்தம் அவற்றைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அதனால்தான் கச்சேரி வீணைகளில் உடலின் அதிர்வை வாங்கும் கான்டாக்ட் மைக் ஒட்டுகிறார்கள்.

ஹம் எங்கிருந்து வருது?

செம்புச் சுருளுக்கு நல்லது கெட்டது தெரியாது. கம்பியின் அதிர்வை வாங்குகிற அதே ஜோரில், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர், சீரியல் லைட், டிம்மர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். நம்மூர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த 'ஈ' கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் 'ஜி' ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் மோதினால் நொடிக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்கும். ஸ்ருதி சேரலையோ என்று வாசிப்பவரே குழம்பிப்போவார்!

முதலில் உயரம்

காசு செலவில்லாத வேலை இது. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடைவெளியை அளக்கணும். தடித்த கம்பிப் பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2.5 மி.மீ. அளவில் தொடங்கலாம். பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, வாசித்துக் கேட்டு, மறுபடி திருப்பணும்.

'கிட்ட வெச்சா சத்தம் கூடும்' என்பது பாதி உண்மை. ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியையே இழுக்கும். ஸ்வரம் நெளியும், நீட்டிய ஒலி சீக்கிரம் செத்துவிடும். ரொம்ப விலக்கினாலோ சிக்னல் மெலியும், ஆம்பை ஏற்றுவீர்கள், கூடவே ஹம்மும் ஏறும்.

அப்புறம் ஷீல்டிங்

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? கிரவுண்ட் வயர் வேலை செய்கிறது, ஷீல்டிங் பலன் தரும் என்று அர்த்தம். தொட்டால் கூடுகிறது என்றால் வயரிங்கைப் பார்க்கணும்.

கேபிளைக் கழற்றிவிட்டு, கம்பிகளை அவிழ்த்து, பிக்கப்பைத் தூக்குங்கள். வயர்களை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் காப்பாற்றும். குழியின் அடியிலும் சுவரிலும் காப்பர் ஃபாயில் டேப் ஒட்டணும். வால்யூம் கன்ட்ரோல் இருக்கும் குழியை விட்டுவிடாதீர்கள். அதன் மூடியின் உட்புறமும் சேர்த்து. துண்டுக்குத் துண்டு மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் சோதித்து, 'பீப்' வராத இடத்தில் ஒரு சொட்டு சால்டர் வையுங்கள். கடைசியாக ஃபாயிலை கிரவுண்டோடு இணைக்கும் ஒரு வயர். இது இல்லாவிட்டால் அத்தனை ஒட்டலும் வெறும் அலங்காரம். சிக்னல் வயரோ, ஜாக்கின் முனையோ ஃபாயிலைத் தொட்டால் கிடார் ஊமையாகிவிடும், அதையும் கவனிக்கணும்.

இது எல்லா ஹம்மையும் ஒழிக்காது. ஃபாயில் மறிப்பது மின்புலத்தை. அதாவது 'ஜ்ர்ர்' என்ற கரகரப்பு போகும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் செம்புத் தகட்டை சர்வசாதாரணமாகக் கடந்துவரும். அதற்கு மருந்து இரட்டைச் சுருள். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருளில் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இசை மட்டும் சேரும். ஃபெண்டர் 1957இல் பிரிசிஷன் பேஸில் இப்படித்தான் பிக்கப்பை இரண்டாகப் பிரித்தது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் தனித்தனி பிக்கப் இரண்டு. வால்யூம் இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் அமைதி, ஒன்றைக் குறைத்தால் ஹம் திரும்பிவரும். உங்களுடையது இந்த ரகம் என்றால் டேப் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

எர்த் பின்னில் மட்டும் கை வைக்காதீங்க

ஹம் போகணும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதும், இரண்டு பின் அடாப்டரில் செருகுவதும் மேடைகளில் நடக்கிற விஷயம். சத்தம் குறையலாம், உண்மைதான். ஆனால் பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் உடலோடு இணைந்தவை. ஆம்ப்பில் மின்கசிவு வந்தால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைப்பவரின் உடல்தான் வயர். ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீயில், ரசிகர்கள் முன்னிலையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

வாடகை மண்டபத்தில் ஆம்ப்பைச் செருகும் முன் சாக்கெட் டெஸ்டரை ஒருமுறை செருகிப் பாருங்கள். எர்த் இல்லை என்று காட்டினால் வேறு பாயின்ட் கேளுங்கள், கிடைக்கும்வரை கிடாரை உறையிலிருந்து எடுக்க வேண்டாம்.